பின்பக்கத்தைப் பிரிக்காதே

மார்ச் 3

மதிப்பிற்குரிய ஓவியருக்கு,

வணக்கம். எங்கள் கலைக்கூடம், தன் கிடங்கில் இருக்கும் படங்களை மட்டும் வைத்து அடுத்த மாதம் ஒரு கண்காட்சி நடத்த இருக்கிறது. வாங்கிய பிறகு அதிகம் வெளியே வராத படங்களாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்திருக்கிறோம். தாங்கள் மாணவியாக இருந்தபோது வரைந்த ‘குழாயடி, பிற்பகல்’ அவற்றில் ஒன்று.

சாயம் நல்ல நிலையில் இருக்கிறது. ஆனால் படம் வரைந்திருக்கும் ஹார்ட்போர்டு பலகை நடுவில் வளைந்துவிட்டது. பின்பக்கம் ஒட்டியுள்ள பழைய தாளைச் சுரண்டி எடுத்துவிட்டு, கனமான புதுப் பலகை ஒன்றை நிரந்தரமாக ஒட்டினால்தான் படம் சுவரில் நேராக நிற்கும் என்று எங்கள் பழுதுபார்ப்பாளர் சொல்கிறார். ஓவியர் உயிரோடு இருந்தால் அவருடைய சம்மதத்தை எழுத்தில் பெறுவது எங்கள் வழக்கம். ஒரு வரி எழுதி அனுப்பினால் போதும்.

இப்படிக்கு,
கிடங்குப் பொறுப்பாளர்


மார்ச் 9

அன்புள்ள கிடங்குப் பொறுப்பாளர் அம்மணிக்கு,

ஒரே போர்வைக்கு அடித்துக்கொண்டு வளர்ந்தவளைத் ‘தாங்கள்’ என்று எழுத உனக்கு எப்படிடி கை வந்தது, சின்னு? கூடப் பிறந்த அக்கா என்பது கலைக்கூடத்துக்குத் தெரியக் கூடாதா? ‘ஓவியர் உயிரோடு இருந்தால்’ என்ற இடத்தை இரண்டு முறை படித்தேன். இருக்கிறேன். உனக்கு அதில் ஏதும் வருத்தம் இருந்தால் மன்னித்துக்கொள்.

இப்போது ஏன் திடீரென்று என் படத்தின் மேல் இவ்வளவு கரிசனம்? கிடங்குச் சாவி உன் கைக்கு வந்த நாளிலிருந்து அந்தப் படம் வெளிச்சத்தைப் பார்த்ததே இல்லை. போகிற இடமெல்லாம் என்னைக் கேட்கிறார்கள். “மேடம், உங்களுக்குப் பேர் வாங்கிக் குடுத்த அந்தக் குழாயடி எங்க இருக்கு? கேட்டா கிடங்குல இருக்குன்னு சொல்லிடறாங்களே?” நானும், “என் தங்கச்சிதான் பத்திரமா வச்சிருக்கா” என்று சொல்லிச் சமாளிக்கிறேன். நீ பொறாமையில் பூட்டி வைத்திருக்கிறாய் என்று சொல்ல எனக்கே வெட்கமாக இருக்கிறது. வளைந்து கோணலான பிறகு அதை எடுத்து ஊருக்குக் காட்டலாம் என்று உனக்குத் தோன்றியிருக்கிறது. இதில் என்ன உள்குத்து இருக்கிறது என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

என் பதில் இதுதான். காட்சிக்கு வையுங்கள். வளைந்திருந்தால் வளைந்தே இருக்கட்டும். பின்பக்கத் தாளைப் பிரிக்கக் கூடாது, சுரண்டக் கூடாது, அதன் மேல் எதையும் ஒட்டக் கூடாது. பழுதுபார்க்கிற மனிதர் அதன் பக்கமே போக வேண்டாம்.

ஃபோனில் சொல்லியிருக்கலாம். நீ பாதியில் வைத்துவிடுவாய். எழுத்தில் இருந்தால் பிறகு யாரும் மழுப்ப முடியாது.

இன்னும் உயிரோடு இருக்கும்,
அக்கா

பி.கு.: படிப்பை விட்டுவிட்டு ஊருக்குப் போனபோது என் செருப்பைப் போட்டுக்கொண்டு போனாயே, அது இன்னும் வந்து சேரவில்லை.


மார்ச் 14

அக்காவுக்கு,

‘தாங்கள்’ என்று எழுதியது அலுவலக வழக்கம். எல்லா ஓவியர்களுக்கும் அதே கடிதம்தான் போனது. உன்னைத் தவிர எல்லோரும், ‘உங்களுக்குச் சரியென்று படுவதைச் செய்யுங்கள்’ என்று எழுதிவிட்டார்கள்.

ஏன் இப்போது என்று கேட்டாய். வெளியூரிலிருந்து வர வேண்டிய கண்காட்சி கடைசி நேரத்தில் கைவிட்டுப் போனது. பெரிய கூடம் காலியாகக் கிடந்தது. “வீட்ல இருக்கறத எடுத்துப் போடுவோம்” என்றார் எங்கள் கலைக்கூட இயக்குநர். கிடங்கில் படங்கள் தொங்கும் கம்பி வலைகளை ஒவ்வொன்றாக அவரே வெளியே இழுத்துப் பார்த்தார். உன் படத்தின் முன்னால் நின்று, “இது இங்கயா இருக்கு?” என்று கேட்டார். தேர்ந்தெடுத்தது அவர். என் உள்குத்து எதுவும் இல்லை.

இப்போது நான் ஒன்று கேட்கிறேன். பின்பக்கத்தில் என்ன இருக்கிறது?

எங்கள் பழுதுபார்ப்பாளரை இங்கே எல்லோரும் டாக்டர் என்றுதான் கூப்பிடுவோம். எந்நேரமும் கையில் பஞ்சோடு திரிவார். அவர் படத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். “இது ஃபிரேம் கடையில ஒட்டின தாள் இல்லைங்க. வீட்ல மாவு காய்ச்சி ஒட்டியிருக்காங்க. ஓரத்துல ஒரு இண்டு இடுக்கு விடல. தூசி போகக் கூடாதுன்னு ஒட்டின மாதிரி தெரியல, யாரும் பார்க்கக் கூடாதுன்னு ஒட்டின மாதிரி இருக்கு.” சொல்லிவிட்டு, உன்னைப் பற்றி எனக்குத்தான் தெரியும் என்பது போல் என் முகத்தைப் பார்த்தார்.

ஒரு டம்ளரைக்கூடக் கழுவி வைக்காதவள் நீ. உட்கார்ந்து மாவு காய்ச்சி அவ்வளவு ஒழுங்காகத் தாள் ஒட்டியிருக்கிறாய் என்றால் எனக்குச் சந்தேகம் வராமல் எப்படி இருக்கும்?

சின்னு


மார்ச் 18

சின்னு,

உங்கள் டாக்டருக்குப் படத்துக்கு வைத்தியம் பார்க்கத்தான் சம்பளமா, இல்லை குடும்பத்துக்குள் துப்பறியவும் சேர்த்தா? தாள் ஒட்டினேன். எல்லோரும் ஒட்டுவார்கள். பூச்சி வரும், ஈரம் ஏறும். அதற்காக ஒட்டினேன்.

ஒரு யோசனை சொல்கிறேன், இயக்குநரிடம் கேள். ‘குழாயடி’யை எனக்கே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அதற்குப் பதிலாக, போன வருஷம் முடித்த பெரிய படம் ஒன்றை உங்கள் கலைக்கூடத்துக்குத் தந்துவிடுகிறேன். ஒரு சுவர் முழுக்க வரும். விற்கவில்லை, சும்மாவே தருகிறேன். வண்டி வைத்து நானே அனுப்புகிறேன். அதே வண்டியில் பழையதை ஏற்றிவிட்டால் போதும். மாணவியாக இருந்தபோது கிறுக்கியதை இப்போது காட்டினால் எனக்கும் அசிங்கம், உங்களுக்கும் அசிங்கம்.

இதைப் பற்றி டாக்டரிடம் பேச வேண்டாம். நீயும் இதை ஊதிப் பெரிதாக்காதே. ஒரு அக்காவாகக் கேட்கிறேன், பின்பக்கத்தைப் பிரிக்காதே.

அக்கா


மார்ச் 23

அக்கா,

வட்டாரமே கொண்டாடும் படத்தைத் திடீரென்று கிறுக்கல் என்கிறாய். யாருக்கும் எதையும் சும்மா தராதவள் ஒரு சுவரளவு படத்தைத் தூக்கிக் கொடுக்கிறாய். இதற்குப் பிறகும் நான் சந்தேகப்படாவிட்டால் என்னை முட்டாள் என்றுதான் சொல்ல வேண்டும்.

நீ சொன்னது உண்மைதான். உன் படத்தை நான்தான் உள்ளேயே வைத்திருந்தேன். யாராவது கேட்டு வந்தால், “இப்ப எடுக்க முடியாது” என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன். அந்தக் கம்பி வலையை இழுக்க வேண்டி வந்தால்கூட வேறு ஆளைத்தான் அனுப்புவேன். ஆனால் காரணம் பொறாமை இல்லை.

நாம் இரண்டு பேரும் ஓவியக் கல்லூரியில் படித்தபோது வாடகைக்கு இருந்த மாடி அறை ஞாபகம் இருக்கிறதா? ஜன்னலைத் திறந்தால் கீழே குழாயடி. நான் அதைத்தான் வரைந்துகொண்டிருந்தேன். குழாய், ஈரத் தரை, நீல வாளி. உனக்குத் தெரியும், என் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்திருக்கிறாய்.

அதை முடித்த வாரம்தான் வாத்தியார் என்னுடைய வேறொரு படத்தை வகுப்பில் எடுத்துத் தலைகீழாகத் திருப்பி வைத்தார். “இப்ப பாருங்க, ஏதாவது வித்தியாசம் தெரியுதா?” என்று கேட்டார். வகுப்பே சிரித்தது. நான் அறைக்கு வந்து உன்னிடம் சொன்னேன். “எல்லாத்தையும் கொளுத்திடு அக்கா. ஒண்ணு மிச்சம் இருந்தாலும் உன் முகத்துல முழிக்க மாட்டேன்.” நீ படங்களை அள்ளிக்கொண்டு கீழே போனாய். நான் ஜன்னலைச் சாத்திவிட்டுத் தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டேன். தகர டின்னில் தீ வைத்தாய். ரப்பர் கருகுவது போல ஒரு நாற்றம் வந்தது. எண்ணெய்ச் சாயம் எரிந்தால் அப்படித்தான் நாறும் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு அழுதேன். மறுநாள் கிளம்பும்போது என் செருப்பைத் தேடினேன், கிடைக்கவில்லை. வாசலில் இருந்த உன்னுடையதை மாட்டிக்கொண்டு பஸ் ஏறினேன்.

சில மாதம் கழித்து, நீ வரைந்த படத்தைக் கலைக்கூடம் வாங்கிவிட்டது, வந்து பார் என்று எழுதினாய். வந்தேன். சுவரில் குழாயடி. அதே பிற்பகல். அதே நீல வாளி. கைப்பிடியில் கட்டியிருந்த கிழிந்த துணி உட்பட அதே வாளி. அதற்கு மேல் என்னால் பார்க்க முடியவில்லை. திரும்பி நடந்துவிட்டேன். நான் பொறாமையில் போனதாக நீ எல்லோரிடமும் சொன்னாய். நானும் மறுக்கவில்லை.

இத்தனை வருஷமாக என் மனதில் இருக்கும் கேள்வியைக் கேட்டுவிடுகிறேன். என் படத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பார்த்து வரைந்துவிட்டு அப்புறம் எரித்தாயா? அதை நகல் எடுத்த கோடுகள்தான் அந்தத் தாளுக்குப் பின்னால் இருக்கின்றனவா?

படம் கலைக்கூடத்தின் சொத்து. உன் சம்மதம் ஒரு மரியாதைக்குத்தான் கேட்டோம். அடுத்த வாரம் தாளைப் பிரிக்கப் போகிறேன்.

சின்னு


மார்ச் 26

சின்னு,

பிரி. ஆனால் பலகை எதையும் ஒட்டாதே. ஒட்டுவதற்கு முன்னால் பார்.

டாக்டரை வெளியே அனுப்பிவிட்டு நீ மட்டும் செய். மேசையில் மெத்தென்று ஏதாவது விரித்து, என் படத்தை அதன் மேல் கவிழ்த்து வை. கத்தி கூடாது. சுரண்டவும் கூடாது. வெந்நீரில் பழந்துணியை நனைத்து, நன்றாகப் பிழிந்து, தாளின் மேல் போட்டுவிட்டுக் காத்திரு. மாவுப் பசைதான், தானாக விட்டுக்கொடுக்கும். தாளுக்குக் கீழே இன்னொரு மெழுகுத் தாள் இருக்கும். அதைக் கடைசியில் எடு. ஓரத்திலிருந்து உள்நோக்கி, மெதுவாக. உனக்கு அவசர புத்தி, அதனால்தான் இவ்வளவு சொல்கிறேன்.

நீ கேட்டதற்கெல்லாம் இப்போது பதில் எழுத மாட்டேன். என் மேல் இவ்வளவு கேவலமான நினைப்பை வைத்துக்கொண்டு இத்தனை நாள் எனக்கு வாழ்த்து அட்டை வேறு அனுப்பியிருக்கிறாய். முதலில் பார்த்துவிட்டு எழுது.

அக்கா


ஏப்ரல் 2

அக்கா,

டாக்டரை டீ குடிக்க அனுப்பினேன். “தனியா என்ன பண்ணப் போறீங்க?” என்று கேட்டுக்கொண்டே போனார். நீ சொன்னபடியே செய்தேன். தாள் ஊறி மூலையில் எழும்பியதும் மெழுகுத் தாளைத் தூக்கினேன். கொஞ்சம் நீலம் தெரிந்தது. உன்னைப் பிடித்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன். சத்தியமாக ஒரு சந்தோஷம்கூட வந்தது.

இன்னும் கொஞ்சம் தூக்கினேன். வாளியின் ஓரத்தைத் தூரிகையால் தீட்டவில்லை, ஈரச் சாயத்தில் கட்டைவிரலால் தேய்த்திருந்தது. அந்தக் கெட்ட பழக்கம் நம் இரண்டு பேரில் எனக்குத்தான் உண்டு. விரல் ரேகை அப்படியே இருக்கிறது. என் விரலை அதன் மேல் வைத்துப் பார்த்தேன். பிறகு நாற்காலி எங்கே இருக்கிறது என்று தெரியாமல் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். டாக்டர் திரும்பி வந்து தண்ணீர் கொடுத்தார்.

நகல் இல்லை. நான் வரைந்த படமேதான். அதன் முதுகில் நீ உன்னுடையதை வரைந்திருக்கிறாய்.

தொழில் முறையில் சொல்வதானால் என் படம் நன்றாக இல்லை. குழாய் கோணல். சுவரில் சாயத்தைக் குழப்பியடித்து வைத்திருக்கிறேன். குனிந்து தண்ணீர் பிடிக்கிற பெண் நீதானாம், ஆனால் உனக்கு மூன்று முழங்கை இருக்கிறது. அந்த வாத்தியார் சொன்னதில் உண்மையும் கொஞ்சம் இருந்திருக்கிறது. ஆனால் கீழ் மூலையில், ஈரத் தரையில் வெயில் விழுந்து கிடக்கிறதே, அந்த ஒரு சாண் இடத்தை இன்று யாராவது கொண்டுவந்து காட்டியிருந்தால், ‘யார் இந்தப் பெண், இப்போதும் வரைகிறாளா?’ என்று கேட்டிருப்பேன்.

அப்புறம் பலகையைத் திருப்பினேன். உன் படத்தை இதுவரை நான் பார்த்ததே இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது. வாளியைப் பார்த்துவிட்டு ஓடியவள் நான். நீ ஜன்னலிலிருந்து வரையவில்லை. குழாயடியில் நின்று மேலே பார்த்து வரைந்திருக்கிறாய். படத்தில் பாதிக்கு மேல் சுவரும் படிக்கட்டும்தான். உச்சியில் ஒரு ஜன்னல், சாத்தியிருக்கிறது. அதற்குள்ளே யார் படுத்திருந்தாள் என்று உனக்கும் எனக்கும் தெரியும்.

வாளியை மட்டும் என்னிடமிருந்து திருடியிருக்கிறாய். துணி கட்டியிருக்கும் விதம்கூட என்னுடையது. அதை நீ மறுக்க முடியாது.

ஆனால் எனக்குக் கோபம் போகவில்லை. எரிக்கச் சொன்னேன். நீ எரிக்கவில்லை. யாரைக் கேட்டு வைத்துக்கொண்டாய்?

இயக்குநருக்கு விஷயம் தெரிந்துவிட்டது. “ரெண்டு பக்கமும் படமா? கூடத்துக்கு நடுவுல நிறுத்துவோம்! பத்திரிகைக்காரங்கள கூப்பிடுவோம்!” என்று குதிக்கிறார். பலகையை ஓரங்களில் மட்டும் பிடித்து நிறுத்த டாக்டர் ஒரு இரும்புத் தாங்கி செய்யச் சொல்லியிருக்கிறார். அதைச் சுவரோடு ஒட்டி நிறுத்தினால் உன் பக்கம் மட்டும் தெரியும். எதைச் செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

சின்னு


ஏப்ரல் 6

சின்னு,

தாளைக் கிழிக்காமல் எடுத்தாயா? நீ எழுதவில்லை, அதனால் கிழித்துவிட்டாய் என்று எடுத்துக்கொள்கிறேன்.

யாரைக் கேட்டு என்கிறாய். யாரையும் கேட்கவில்லை. அந்தச் சாயங்காலம் கீழே போனேன், தீ வைத்தேன், கை வரவில்லை. உன்னிடம் திருப்பிக் கொடுத்தால் நீயே கொளுத்துவாய். என்னிடம் வைத்தால் என்றைக்காவது கட்டிலுக்கு அடியில் குனிந்து கண்டுபிடிப்பாய், ‘முகத்துல முழிக்க மாட்டேன்’ என்பாய். வீம்புக்காரி நீ, சொன்னால் செய்வாய். எறியவே மாட்டார்கள், தொடவும் மாட்டார்கள், அப்படி ஓர் இடம் எது என்று யோசித்தேன். ஒரு கலைக்கூடத்தின் கிடங்குதான். உள்ளே போனால் எதுவும் வெளியே வராது என்று எல்லோரும் திட்டுவார்களே, அதுதான் எனக்கு வேண்டியிருந்தது. அவர்கள் வாங்குகிற மாதிரி முன்பக்கம் ஒன்றை வரைய வேண்டியதாயிற்று. பலகைக்கும் தட்டுப்பாடு இருந்தது, அதையும் ஒளிக்கவில்லை.

பத்திரமாக வைத்தாயிற்று என்று நிம்மதியாக இருந்தேன். நீ போய் அந்தக் கிடங்கிலேயே வேலைக்குச் சேர்வாய் என்று யார் கண்டது? அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. நீ படத்தை இருட்டில் வைத்திருக்கிறாய் என்று ஊரெல்லாம் புலம்பினேன். நிஜத்தில் நீ அதைத் தொடாத ஒவ்வொரு வருஷமும் எனக்கு நல்ல வருஷம். பின்னால் புதுப் பலகை ஒட்டப் போவதாக உன் கடிதத்தில் படித்ததும் மற்ற வேலையைப் போட்டுவிட்டுப் பதில் எழுத உட்கார்ந்தேன். பிசின் பட்டிருந்தால் முடிந்தது கதை.

வாளியை எடுத்தேன். நல்ல வாளி. ஆனால் உனக்காகத்தான் எடுத்தேன், நீ பார்த்தால் புரிந்துகொள்வாய் என்று. நீ புரிந்துகொண்ட அழகைத்தான் இத்தனை வருஷம் அனுபவித்தேனே.

கூடத்தின் நடுவிலா, சுவரோடா என்பதை நீ முடிவு செய். இயக்குநர் நெருக்குகிறார் என்றால் எனக்கு எழுது, நான் பார்த்துக்கொள்கிறேன். ஒரு தடவை உன் பேச்சை மீறியாயிற்று. இந்தத் தடவை நீ சுவரோடு என்றால் சுவரோடுதான். மற்றது எதையும் கேட்காதே.

அக்கா


ஏப்ரல் 10

அக்கா,

கூடத்தின் நடுவில்தான். முடிவு என்னுடையது. இயக்குநர் நெருக்கவில்லை, நெருக்கினாலும் நான் நகர மாட்டேன். என் பக்கத்துக்குப் பெயர்ச் சீட்டு எழுத வேண்டியிருந்தது. ‘குழாயடி, மேலிருந்து’ என்று எழுதி என் பெயரைப் போட்டேன். பின்பக்கத் தாள் கிழியவில்லை, பத்திரமாக எடுத்து வைத்திருக்கிறேன்.

ஆனால் உன் கடிதத்தில் கடைசி வரி எனக்குச் சரியாகப் படவில்லை. ‘மற்றது எதையும் கேட்காதே’ என்றால் என்ன அர்த்தம்?

டாக்டரிடம், எண்ணெய்ச் சாயப் பலகை எரிந்தால் எப்படி நாறும் என்று கேட்டேன். என்னை ஒரு மாதிரி பார்த்தார். இருந்தாலும் ஓரத்தில் கிடந்த ஒரு வீணான துண்டைப் பின்வாசலில் கொளுத்திக் காட்டினார். ரப்பர் நாற்றம் வரவே இல்லை, அக்கா. பக்கத்தில்கூட வரவில்லை. அன்றைக்கு அந்த டின்னில் நீ எதை எரித்தாய்?

நான் அன்று உன்னிடம் கொடுத்தவை ஏழெட்டு இருக்கும். அந்த வருஷம் நீ வரைந்தவை எங்கெங்கே இருக்கின்றன என்று யோசித்துப் பார்த்தேன். ஒன்று வங்கியின் பெரிய கூடத்தில். ஒன்று கண் ஆஸ்பத்திரி மாடிப்படியில். ஒன்றை, வகுப்பே என்னைப் பார்த்துச் சிரிக்கும்படி செய்த அந்த வாத்தியார் ஓய்வு பெற்றபோது நீயே பரிசாகக் கொடுத்தாய். அவர் வீட்டு வரவேற்பறையில் தொங்குகிறது, போன வருஷம்கூடப் பார்த்தேன். எல்லாம் ஒரே அளவு ஹார்ட்போர்டு. வங்கிக்கு நேற்றுப் போய், யாரும் பார்க்காத நேரம் படத்தைச் சுவரிலிருந்து கொஞ்சம் விலக்கிப் பின்னால் எட்டிப் பார்த்தேன். காவலாளி அதட்டினார். அதற்குள் பார்த்துவிட்டேன்.

காக்கித் தாள். மாவுப் பசை. ஓரத்தில் ஒரு இண்டு இடுக்கு இல்லை.

உண்மையைச் சொல்.

சின்னு


ஏப்ரல் 14

சின்னு,

உன் செருப்பை எரித்தேன். புகை வந்தால்தான் நம்புவாய் என்று கைக்குக் கிடைத்ததைப் போட்டேன். நீ என்னுடையதைப் போட்டுக்கொண்டு போய்விட்டாய். ஆக அந்தக் கணக்கு சரி, இனிமேல் நான் அதைப் பற்றிப் பேசவில்லை.

திறப்பு விழாவுக்கு முந்தின நாளே வருகிறேன். ஸ்டேஷனுக்கு வா. பையில் பழந்துணி எடுத்து வருகிறேன், வெந்நீர் அங்கே கேட்டு வாங்கிக்கொள்ளலாம். முதலில் வாத்தியார் வீட்டுக்குத்தான் போகிறோம். அவர் வகுப்பில் தலைகீழாகத் திருப்பினாரே, அந்தப் படம்தான் இத்தனை வருஷமாக அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு தொங்குகிறது. நீ எதுவும் பேச வேண்டாம். அவர் கையாலேயே இறக்கித் திருப்பச் சொல்கிறேன்.

அக்கா